சிறுவர் காதுக்கவசம்: மூன்று இசை நிகழ்ச்சிகளுக்குப் பின் ஒரு மதிப்பீடு

பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ‘26 டெசிபல்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, மேடை விளக்குகளின் முன்னால் காதுக்கவசம் அணிந்து சிரிக்கும் ஒரு கைக்குழந்தையின் படம் இருந்தது. இரண்டையும் நம்பித்தான் வாங்கினேன். இந்தக் கவசத்தை ஐந்து வயது மகளுக்கு மாட்டி, ஓராண்டுக்குள் மூன்று இசை நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் சென்று வந்தபின், அந்த எண்ணைப் பாதி நம்பலாம், அந்தப் படத்தை நம்பவே கூடாது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பொருள் மோசமானது என்பதல்ல இதன் பொருள். மீண்டும் வாங்கச் சொன்னால் வாங்குவேன். ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைப் பெட்டியைப் படித்து அறிந்துகொள்ள முடியவில்லை.

தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், அவற்றுக்குள் நுரை, விளிம்பில் மென்மையான மெத்தை வளையம், தலைக்கு மேல் நீட்டிக் குறைக்கக்கூடிய ஒரு வளைபட்டி என்று, கடைகளில் கிடைக்கும் சிறுவர் இயர்மஃப்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில்தான் வருகின்றன. மின்கலமோ மின்னணுச் சுற்றோ எதுவும் கிடையாது. ஆகவே நான் சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பகுதி மற்றவற்றுக்கும் பொருந்தும்.

முதலில், இது ஏன் தேவை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்க வேண்டியிருக்கிறது. டெசிபல் மடக்கை அளவு. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இருமடங்காகிவிடும். தொழிற்கூடங்களுக்காக அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த பரிந்துரையின்படி, 85 டெசிபலில் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலை எட்டும்போது பதினைந்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. உலக சுகாதார அமைப்பு 2022-இல் இசை அரங்குகளுக்கென வெளியிட்ட தரநிலை, பதினைந்து நிமிடச் சராசரியாக 100 டெசிபலையே உச்சவரம்பாக வைத்திருக்கிறது. பார்வையாளர்களுக்குக் காதுப் பாதுகாப்புச் சாதனங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும், சற்று ஒதுங்கி இளைப்பாற அமைதியான இடம் ஒதுக்க வேண்டும் என்பவையும் அதே தரநிலையில் உள்ளன. ஒழுங்காக நடத்தப்படும் ஒரு நிகழ்ச்சியே இந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் நடக்கும் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இவை வளர்ந்தவர்களுக்கான எண்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை எனக்குப் பயன்பட்டது வேறோர் அளவு. காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காக உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த தரநிலையில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் வரையறுத்திருக்கிறார்கள். இதை மேடை இசைக்கு அப்படியே எடுத்துப்போடுவது முழுமையான நியாயமல்ல என்றாலும், உட்காது ஒலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை. 100 டெசிபல் அரங்கில் வெறுங்காதோடு நிற்கும் குழந்தையின் ஒரு வாரப் பங்கு ஏறத்தாழ ஏழரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு பாட்டு. உட்காதில் நத்தைக்கூடு எனப்படும் சுருள் உறுப்பு ஒவ்வொன்றுக்குள்ளும், ஒலியை உணர உதவும் ஏறக்குறைய 3,500 உள் மயிர்ச்செல்களும் 12,000 வெளி மயிர்ச்செல்களும்தான் உள்ளன. மனிதரில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இனிப் பெட்டியின் மீதிருந்த அந்த 26. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 352-இன்படி சோதிக்கப்படும் கவசங்களுக்கு, எத்தனை டெசிபல் குறைக்கும் என்று காட்டும் எஸ்என்ஆர் என்ற ஒற்றை எண்ணும், அமெரிக்க முறையில் சோதிக்கப்படுபவற்றுக்கு என்ஆர்ஆர் என்ற எண்ணும் தரப்படுகின்றன. இரண்டும் ஆய்வகத்தில் பெறப்படுபவை. அங்கே தலை ஆடுவதில்லை, வியர்ப்பதில்லை, கவசத்தைக் கழற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவதும் இல்லை. நடைமுறையில் கிடைக்கும் பாதுகாப்பு குறைவாகவே இருக்கும் என்பதால், என்ஆர்ஆர் எண்ணிலிருந்து இயர்மஃப்களுக்குக் கால் பங்கைக் கழித்துவிட வேண்டும் என்று நியோஷ் நெடுங்காலமாகவே சொல்லிவந்திருக்கிறது. அதுவும் கவசத்தைப் பொறுப்போடு மாட்டிக்கொள்ளும் தொழிலாளிக்குச் சொன்னது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான் இன்னும் கொஞ்சம் கழித்து, 15 டெசிபல் என்றே வைத்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் 100 டெசிபல் அரங்கில் அவள் காதுக்குள் செல்வது 85. முன்னே சொன்ன சிறுவர் அளவின்படி, அவளுடைய வாரப் பங்கு இப்போது நான்கு மணி நேரமாக நீள்கிறது. இரண்டரை மணி நேர நிகழ்ச்சி அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். கவசம் உண்மையில் தருவது இவ்வளவுதான். ஏழரை நிமிடம் நான்கு மணி நேரமாவது சிறிய விஷயமில்லை. அதே நேரத்தில், கவசம் இருக்கிறதே என்று மேடைக்கு நேர் எதிரே போய் நின்றுகொள்வதற்கான அனுமதிச் சீட்டும் இல்லை.

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளில், கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய அளவில் ஒரு சிறிய அட்டவணை இருந்தது. உயர் அலைவெண்களுக்கு 30, நடுத்தரத்துக்கு 23, தாழ் அலைவெண்களுக்கு 15 என்று அதில் மூன்று எண்கள். வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியது இதைத்தான், முகப்பில் இருந்ததை அல்ல. ஏனென்றால் மேடை இசையில் பெரும் ஆற்றல் இருப்பது பேஸ் கிட்டாரிலும் டிரம்ஸின் கால்முரசிலும்தான். இந்த வகைக் கவசம் மிகவும் பலவீனமாக இருப்பதும் அங்கேதான். காரணம் எளிது. கிண்ணமும் அதனடியில் இருக்கும் மெத்தை வளையமும் சேர்ந்து, சுருள்வில்லின் மேல் வைத்த எடையைப்போல இயங்குகின்றன. மெல்லிய, வேகமான அதிர்வுகளுக்கு அந்த எடை அசைந்துகொடுப்பதில்லை. மெதுவான, கனத்த அதிர்வு வந்தால் கிண்ணமே முன்னும் பின்னும் அசைந்து ஒலியை உள்ளே தள்ளிவிடுகிறது. சிறுவர் கவசம் சிறியதாகவும் லேசாகவும் இருக்க வேண்டியிருப்பதால் இந்தக் குறை கூடுமே தவிரக் குறையாது. கைப்பேசியில் ஒலிமானிச் செயலியை வைத்து அளந்து, அதில் வரும் எண்ணிலிருந்து 26-ஐக் கழிப்பதும் சரியல்ல. செயலிகள் வழக்கமாகக் காட்டும் ‘ஏ’ எடையிட்ட அளவு பேஸைக் குறைத்தே மதிப்பிடும். எஸ்என்ஆர் எண்ணோ பேஸை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ எடையிட்ட அளவிலிருந்து கழிப்பதற்காக உருவானது.

இதெல்லாம் எனக்கு முதல் நிகழ்ச்சிக்குப் போகும்போது தெரியாது. உள்ளரங்கு; மேடையிலிருந்து எட்டாவது வரிசை; மேடைக்குக் கீழே வரிசையாக அடுக்கிவைத்த பேஸ் ஸ்பீக்கர்கள். முதல் பாட்டில் மகள் கவசத்தை மாட்டிக்கொண்டு ஆடினாள். இரண்டாவது பாட்டில் முரசு நுழைந்ததும் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவதில் என் மடியில் ஏறி, நெஞ்சில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு, “உள்ளே யாரோ தட்டுறாங்க” என்றாள். காதில் எந்தக் கோளாறும் இல்லை, விலாவெலும்பில்தான் அதிர்வு. எந்தக் கவசமும் அதைத் தடுக்காது. வளர்ந்தவர்களுக்குச் சுகமாக இருக்கும் அந்த நெஞ்சதிர்வு, உடம்பு சிறியதாக இருக்கும் பிள்ளைக்கு அச்சமாக இருப்பதில் வியப்பில்லை. ஐந்தாவது பாட்டுக்குள் வெளியே வந்துவிட்டோம். நடைபாதையில் கவசத்தைக் கழற்றும்போதுதான் கவனித்தேன்: அவள் தலையில் குத்தியிருந்த கிளிப் ஒன்று வலப்பக்க மெத்தையைத் தூக்கிப் பிடித்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி உண்டாக்கியிருந்தது. அவ்வளவு நேரமும் ஒரு காது பாதி திறந்தே இருந்திருக்கிறது.

ஆகவே இந்தப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டியவற்றில் முதன்மையானது, அது தலையில் எப்படி உட்காருகிறது என்பதே. மெத்தை வளையம் காதைச் சுற்றி முழுவட்டமாகத் தோலைத் தொட வேண்டும். தலைமுடிக் கற்றை, கிளிப், தொப்பியின் ஓரம், தொங்கும் காதணி, மூக்குக்கண்ணாடியின் காம்பு என இவற்றில் எது இடையில் புகுந்தாலும் முத்திரை, அதாவது இடைவெளியில்லாத அடைப்பு, உடைந்துவிடும். சிறிய கசிவு வழியாக முதலில் நுழைவதும் தாழ்ந்த ஒலிதான், அதாவது எதைக் குறைக்க ஏற்கெனவே திணறுகிறதோ அதுவே. இந்தக் கவசத்தின் வளைபட்டி இருபுறமும் நன்றாக நீள்கிறது; இறுக்கமும் அளவோடு இருக்கிறது. ஓராண்டில் மகளின் தலை வளர்ந்ததற்கு ஏற்ப இரண்டு படிகள் நீட்டியிருக்கிறோம். இன்னும் இரண்டு படிகள் மிச்சம் இருக்கின்றன. இந்த விஷயத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க நான் கண்டுபிடித்த வழி, வீட்டில் மிக்சியை ஓடவிட்டு அவளைக் கவசத்தோடு பக்கத்தில் நிற்கவைப்பது. மெத்தையின் ஓரத்தை நான் லேசாகத் தூக்கியதும் இரைச்சல் திடீரென்று கூடுவதை அவளே கேட்டாள். அன்றிலிருந்து கிளிப்பைத் தானாகவே கழற்றிவிடுகிறாள். நூறு முறை வாயால் சொல்லியிருந்தாலும் இது நடந்திருக்காது.

பழக்கம் என்பதும் பொருளின் ஒரு பகுதி என்றே சொல்வேன். நிகழ்ச்சிக்கு அன்றே வாங்கி அன்றே மாட்டினால் பெரும்பாலான பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பிடுங்கி எறிவார்கள். நாங்கள் இரண்டு வாரம் வீட்டிலேயே விளையாட்டாக மாட்டிப் பழகினோம். நானும் எனக்கென்று ஓர் இணைக் காதடைப்பான் வாங்கி, அவள் கண்முன்னே செருகிக்கொண்டேன். அப்பா வெறுங்காதோடு நிற்கும்போது தனக்கு மட்டும் எதற்கு என்ற கேள்வி அதோடு நின்றது. கவசம் மாட்டியிருக்கும் பிள்ளைக்கு நாம் கூப்பிடுவது கேட்காது என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் கை விலகினால் குரல் உதவாது. அதனால் தோளில் இருமுறை தட்டினால் திரும்பிப் பார்ப்பது, கட்டைவிரலைக் கீழே காட்டினால் வெளியே போவது என்று இரண்டு சைகைகளை முடிவு செய்துகொண்டோம். கைப்பேசி எண்ணை அவள் மணிக்கட்டில் பேனாவால் எழுதியும் விட்டோம்.

இரண்டாவது நிகழ்ச்சி திறந்தவெளியில் நடந்தது, அனுபவமும் அடியோடு மாறியது. சுவர்களும் கூரையும் இல்லாத இடத்தில் தொலைவு உண்மையாகவே உதவுகிறது. ஒற்றை ஸ்பீக்கராக இருந்தால், தொலைவு இருமடங்காகும்போது 6 டெசிபல் குறையும். இப்போது பெரிய மேடைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கவிடப்படும் ஸ்பீக்கர் வரிசை பின்வரிசைக்கும் ஒலியைக் கொண்டுசேர்ப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டிருப்பதால் அவ்வளவு குறையாது என்றாலும், குறைவது நிச்சயம். உள்ளரங்கில் ஓரளவு தொலைவுக்குப் பின், எதிரொலித்துத் திரும்பும் ஒலியே அரங்கை நிறைத்துவிடுவதால், பின்னால் போவதில் பெரிய பயன் இருக்காது. இந்த முறை மைதானத்தின் பின்பக்கமாக, ஓரத்தில், வெளிவாயிலுக்கு அருகே இடம் பிடித்தோம். செயலி 86-க்கும் 90-க்கும் இடையில் காட்டியது. கைப்பேசி ஒலிவாங்கியை அவ்வளவாக நம்ப முடியாது என்றாலும், எட்டாவது வரிசையில் 99 வரை பார்த்திருந்த எனக்கு அந்த வித்தியாசமே போதுமானதாக இருந்தது. கவசத்துக்குள் அவளுக்குப் பாட்டின் சொற்கள் கூடக் கேட்டிருக்கின்றன; வீட்டுக்கு வந்து இரண்டு வரிகளைப் பாடிக் காட்டினாள்.

ஒலியின் தரம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: சுமார்தான். உயர்ந்த ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் மட்டுப்படுத்துவதால், உள்ளே கேட்பது அடுத்த வீட்டுச் சுவர் வழியாக வரும் பாட்டைப் போலக் கொஞ்சம் மந்தமாக இருக்கும். இசைக் கலைஞர்களுக்கென்று எல்லா அலைவெண்களையும் ஏறத்தாழச் சமமாகக் குறைக்கும் காதடைப்பான்கள் உண்டு; என்னுடையது அந்த வகை. அவற்றைச் சிறு பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுடைய செவிக்குழாய் மிகக் குறுகியது. செருகுவது சரியாக உட்காராது, உட்கார்ந்தாலும் கழன்று வாய்க்குள் போய் மூச்சடைக்கும் அபாயம் உண்டு. பஞ்சை உருட்டிக் காதில் வைப்பது பெயருக்குத்தான். விமானப் பயணத்துக்காக விற்கப்படும், இரைச்சலை மின்னணு முறையில் அழிக்கும் ஹெட்போன்களும் செவிப் பாதுகாப்புக்காகச் சோதிக்கப்பட்டவை அல்ல.

பெட்டியிலிருந்த கைக்குழந்தைப் படத்துக்கு வருகிறேன். 2010-இல் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி முடிந்ததும், வென்ற அணியின் வீரர் டுரூ பிரீஸ் தம் ஒரு வயது மகனைக் காதுக்கவசத்தோடு தூக்கிப் பிடித்த ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. குழந்தைக்குக் கவசம் மாட்டுவது என்ற எண்ணமே பல பெற்றோருக்கு அப்போதுதான் வந்திருக்கக்கூடும். நல்ல படம்தான். ஆனால் கைக்குழந்தையின் மண்டையெலும்புகள் இன்னும் கூடிவராதவை, கழுத்து தலையையே தாங்கப் பழகிக்கொண்டிருப்பது. வளைபட்டியின் அழுத்தமும் கிண்ணங்களின் எடையும் அதற்கானவை அல்ல. கைக்குழந்தைகளுக்கென்று துணிப்பட்டை வைத்த தனி வகை விற்கிறார்கள். நான் அதைப் பயன்படுத்தியதில்லை. நான் வாங்கிய கவசத்தின் துண்டுத்தாளிலோ, மூன்று வயதுக்கு மேல் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே அப்படி அச்சிட்டுவிட்டு வெளியே கைக்குழந்தையின் படத்தைப் போடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளை தூங்கிவிட்டால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல்: ஒருக்களித்துப் படுத்த உடனே ஒரு பக்கக் கிண்ணம் விலகிவிடுகிறது, உறங்கும் காதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எங்கள் இளையவனுக்கு ஒன்றரை வயது. அவனை மூன்று நிகழ்ச்சிகளில் எதற்கும் அழைத்துப் போகவில்லை.

நீடித்த உழைப்பைப் பொறுத்தவரை, வளைபட்டியும் கிண்ணமும் இன்னும் புதிதாகவே இருக்கின்றன. மெத்தை வளையம்தான் ஏமாற்றம். வியர்வை பட்டுப்பட்டு எட்டாவது மாதத்தில் இடப்பக்க மெத்தையின் தோல் விரிந்து, உள்ளிருக்கும் நுரை தெரியத் தொடங்கியது. இது அழகு சார்ந்த குறை அல்ல; மெத்தை இறுகினாலோ விரிந்தாலோ முத்திரை போயிற்று என்று அர்த்தம். தொழிற்கூடக் கவசங்களில் மெத்தைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம், மாற்று மெத்தைகள் தனியாகவும் கிடைக்கும். சிறுவர் கவசத்துக்கு மாற்று மெத்தை கேட்டு நிறுவனத்துக்கு எழுதியபோது, தனியாக விற்பதில்லை, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இரண்டு வளைய மெத்தைகளுக்காக முழுக் கவசத்தையும் குப்பையில் போடச் சொல்வது, பிள்ளைகளின் நலனை அட்டைப் பெட்டியில் பெரிதாகப் பேசும் நிறுவனத்துக்குப் பொருத்தமாக இல்லை.

மூன்றாவது நிகழ்ச்சிக்கு, கிழிந்த மெத்தையை நீக்கிவிட்டு அதே அளவுள்ள வேறொரு நிறுவனத்து மெத்தையைப் பொருத்திக்கொண்டுதான் போனோம். அப்படிச் செய்தால் பெட்டியில் எழுதிய எண்கள் எதுவும் செல்லாது என்பது தெரிந்தே செய்தேன். அதற்கு ஈடாக இன்னும் பின்னால் தள்ளி உட்கார்ந்தோம், முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே அழைத்து வந்து பத்து நிமிடம் காற்றாட நிற்கவைத்தேன், கடைசி மூன்று பாட்டுகளுக்கு முன்பே கிளம்பிவிட்டோம். இரவு படுக்கும்போது காதில் வண்டு ரீங்கரிப்பதுபோல ஏதாவது கேட்கிறதா, அம்மா பேசுவது தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறதா என்று கேட்டேன். காதிரைச்சல் என்று சொல்லத் தெரியாத வயதில் இப்படித்தான் கேட்க வேண்டும். இல்லை என்றாள். அப்படி ஏதாவது சொல்லி, மறுநாளும் அது நீடித்திருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போயிருப்பேன்.

மூன்று வயதைத் தாண்டிய, கவசத்தைப் பிடுங்கிப் போடாத பிள்ளைக்கு, திறந்தவெளி நிகழ்ச்சியின் பின்வரிசைக்கு, இதை ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தந்து பரிந்துரைக்கிறேன். உள்ளரங்கின் முன்வரிசைக்கென்றால் இந்தக் கவசத்தை மட்டுமல்ல, எந்தக் கவசத்தையும் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கும்போது துண்டுத்தாளைப் பிரித்துத் தாழ் அலைவெண் எண்ணைப் பாருங்கள், பிள்ளையைக் கடைக்கே அழைத்துப்போய்த் தலையில் மாட்டிப் பாருங்கள், மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அடுத்த முறை நான் வாங்கப்போவது மாற்று மெத்தை விற்கும் நிறுவனத்தின் கவசம்; அதன் நிறத்தை மட்டும் மகள் இப்போதே முடிவு செய்துவிட்டாள்.